கலந்த அரிசி

கையையே பாக்கறீங்களேக்கா, வாய்விட்டுக் கேட்டுடுங்க. எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. கொதிக்கிற கஞ்சி. தோளிலிருந்து விரல் வரைக்கும். இல்லையில்லை, கை தவறி நானே கொட்டிக்கொள்ளவில்லை. ஊற்றினார்கள். யார் ஊற்றினது என்று சொன்னால் சிரிப்பீங்க. ஆறு வாரமாக யாருக்கு அரிசி அளந்து போட்டேனோ, அந்தக்காதான்.

கட்டுப் பிரிக்கிற நர்சம்மா டீ குடிக்கப் போயிருக்கிறார். இப்போதைக்குக் கதவைத் திறக்க மாட்டார்கள். உங்க மாமியாருக்குச் சர்க்கரைப் புண்ணுங்களா? காலை நீட்டி உட்காரச் சொல்லுங்க, நான் நகர்ந்துகொள்கிறேன். நான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. எங்க ஊரில் ஆளுக்கொரு பக்கம் பேசுகிறார்கள். உங்களை மாதிரி வெளியூர்க்காரர் சொன்னால் சரியாக இருக்கும்.

என் பேர் சிவரஞ்சனி. எட்டாவது வரைக்கும் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். வீட்டுக்காரர் பூபதி, சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே பெண், அஞ்சு வயது. கட்டிக்கொடுத்தது குட்டைமேட்டுக்கு. பூராவும் தறி ஓடுகிற ஊர். பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதற்கே கத்த வேண்டும். அதில் வந்த குரல்தான் இது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

தை முடிந்த கையோடு முதலாளிகள் தறியை நிறுத்தினார்கள். நூல் விலை ஏறிவிட்டதாம், ஓட்டினால் நஷ்டமாம். ஒரு வாரம் என்றார்கள். அப்புறம் இன்னொரு வாரம் என்றார்கள். ஊரே ஊமையாகிவிட்டது. அந்த அமைதி வந்த பிறகுதான் ஒவ்வொரு வீட்டிலும் அடிக்கிற சத்தம் வெளியே கேட்க ஆரம்பித்தது. முன்னாலேயும் அடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

எங்க மகளிர் குழுத் தலைவி ருக்குமணியக்காதான் பிடியரிசி யோசனையைச் சொன்னது. உலைக்கு அரிசி களையும் முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிச்சட்டியில் போட்டுவிடுவது. கோயிலுக்கு எடுத்து வைப்போமே, அதே மாதிரி. கடைவீதி, வாத்தியார் காலனி, காடுதோட்டம் இருக்கிறவர்கள் குடியிருக்கிற வளவு என்று தறியை நம்பாத வீடாகப் பார்த்துச் சொல்லிவைத்தோம். வியாழக்கிழமை பூபதியின் வண்டியில் போய்ச் சேகரிப்பேன். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் மண்டபத்துப் பின்னறையில் வைத்து, இல்லாதவர்களுக்கு வீட்டுக்கு ரெண்டு படி. எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. அந்த ரெண்டு நாளும் என் பெண்ணை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடுவேன். ஓடினேன் என்று இப்போது யார் சொல்கிறார்கள், சொல்லுங்க.

முதல் வெள்ளிக்கிழமையே ரத்தம். ஒரு வீட்டில் பொன்னி அரிசி போட்டிருக்கிறார்கள், இன்னொரு வீட்டில் ரேஷன் அரிசி, சில பேர் இட்லி அரிசியே போட்டுவிட்டார்கள். மூட்டை மூட்டையாகத் தனித்தனியாக இருந்தது. முன்னால் வந்தவர்களுக்குப் பொன்னி போய்விட்டது, பின்னால் நின்றவர்களுக்குத் தடித்த ரேஷன் அரிசி. அவ்வளவுதான். ரெண்டு பொம்பளைகள் கட்டிப் புரண்டார்கள். தங்காயி என்று ஒருத்தி, வாய் பெருத்தவள், எதிராளியின் காதைப் பிடித்து இழுத்ததில் தோட்டோடு காது மடல் கிழிந்து தொங்கியது. அரிசியில் ரத்தம் சொட்டி, அந்த மூட்டையில் மேலாக ஒரு படியை அள்ளி வெளியே கொட்டினோம்.

மற்றவர்கள் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் உட்காரவில்லை. நெல் காய வைக்கிற தார்ப்பாயை விரித்தேன். எல்லா மூட்டையையும் ஒன்றாகக் கொட்டினேன். மண்வெட்டியைக் கழுவி எடுத்து வந்து சிமெண்டுக்குக் கலவை போடுகிற மாதிரிப் புரட்டிப் புரட்டிக் கலந்தேன். இப்போது எவள் எதற்குச் சண்டை போடுவாள்? எல்லாருக்கும் ஒரே அரிசி. ருக்குமணியக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "உனக்கு மட்டும் எப்படிடி இப்படித் தோணுது" என்றது. நாலு பேர் கைதட்டினார்கள். பொய் சொல்வானேன், எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து வரிசை என் பொறுப்பு. ஒரு மூங்கில் பிரம்பு வைத்திருந்தேன். குடித்துவிட்டு வருகிறவனை முழங்காலுக்குக் கீழே ஒன்று வைத்தால் தானாகப் போய்விடுவான். பொம்பளைகளை அடிக்க மாட்டேன், தரையில் தட்டுவேன். சரி, சில சமயம் அடித்திருக்கிறேன். வலிக்கிற மாதிரி இல்லை.

இந்த இடத்தில்தான் வசந்தாமணியக்கா வருகிறது.

வசந்தாமணியக்காவின் வீட்டுக்காரர் சென்னியப்பன். தறி மேஸ்திரி. இருபத்து நாலு தறியை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவர். தறி ஓடின காலத்தில் கையில் நாலு காசு நின்றது. ஒவ்வொரு சித்திரை நோன்பிக்கும் மாரியம்மன் கோயில் வாசலில் அவர் செலவில் கம்பங்கூழ். வேட்டியை மடித்துக் கட்டி, சட்டையில்லாமல், அவரே கரண்டி பிடித்து ஊற்றுவார். நான் கல்யாணமாகி வந்த வருஷம் அவர் கையால் வாங்கிக் குடித்திருக்கிறேன். "வெக்கப்படாமக் குடி அம்மிணி, இன்னொரு சொம்பு வாங்கிக்க" என்பார். நல்ல மனுஷன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ரெண்டாவது வாரம், வியாழக்கிழமை சாயந்திரம், நான் மண்டபத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது அந்தக்கா வந்து தூண் ஓரமாக நின்றது.

"அம்மிணி, ஒரு வார்த்தை. எனக்கு வரிசை வேண்டாம். எல்லாரும் போனப்புறம் பின்கதவுப் பக்கமா வர்றேன்."

"ஏனுங்க்கா, நின்னா காலு வலிக்குங்களா?"

"காலு வலிக்கல சாமி. அவருக்குத் தெரிஞ்சா என்னையும் கொன்னுபோட்டு அவரும் செத்துப்போயிருவாரு."

நான் சிரித்துவிட்டேன். "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் சாகலீங்க. வரிசைல வாங்க. உங்களைப் பின்வாசல்ல விட்டா நாளைக்கு ஊரே பின்வாசல்ல நிக்கும்."

நியாயம்தானே? நீங்களாக இருந்தால் என்ன செய்வீங்க? தெரிந்தவர், தெரியாதவர் பார்த்தா போடுவது?

மறுநாள் வந்தது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டு, வரிசையில் கடைசிக்கு முன்னால் நின்றது. தங்காயி சும்மா இருப்பாளா? அவள் புருஷன் ஒரு காலத்தில் சென்னியப்பனுக்குக் கீழே வேலை பார்த்தவன்.

"அட, கூழ் ஊத்துற வீட்டம்மா கூடையோட நிக்குது பாருங்கடி. வழி விடுங்க, மேஸ்திரி வீட்டுக்கு முதல் மரியாதை."

ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம். எனக்கு அநியாயத்தைக் கண்டால் ஆகாது, அக்கா. நேராகப் போய்த் தங்காயியின் கொண்டையைப் பிடித்து வரிசையை விட்டு இழுத்து வெளியே போட்டேன். முதுகில் ரெண்டு வைத்தேன். அப்புறம் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டேன். "நல்லாக் கேட்டுக்குங்க. வசந்தாமணியக்காவும் இன்னைலயிருந்து நம்மகிட்ட அரிசி வாங்குது. யாராச்சும் கேலி பேசுனீங்கன்னா அந்த வாரம் உங்களுக்கு அரிசி கிடையாது."

அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தக்காவுக்காக இப்படி யார் பேசியிருப்பார்கள்? நன்றி சொல்லும் என்று பார்த்தேன். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. கடித்த இடத்தில் ரத்தம் வந்து தாடைக்கு இறங்கியதைக்கூடத் துடைக்கவில்லை. நான்தான் துடைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அளக்கும்போது காதோரமாகக் குனிந்து கேட்டது. "அம்மிணி, அடுத்த வாரம் கலக்கறதுக்கு முன்னாடி எனக்கு ரேஷன் அரிசியா மட்டும் அளந்து வச்சிரு. ரெண்டு படி வேண்டாம், ஒண்ணு போதும்."

"எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க. உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சா என்னை என்ன சொல்வாங்க?"

அடுத்த வாரமும் கேட்டது. "கலந்த அரிசில சோறு ஒண்ணா வேகாது அம்மிணி. பொன்னி கொழஞ்சு போகுது, மத்தது பல்லுல கடிபடுது. ஒரு வாய் வச்சாத் தெரிஞ்சிரும்."

பார்த்தீங்களா, வாங்கித் தின்கிற அரிசியில் ருசி பேசுகிறதே என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். "பசிக்கு எந்த அரிசியா இருந்தா என்னங்க. கொழஞ்சதும் வேகாததும் உள்ளே போனா ஒண்ணுதான்."

அதற்கப்புறம் கேட்கவில்லை. வரும், நிற்கும், வாங்கும், போகும். ஆறு வாரம்.

ஏழாவது வாரம் ஒரு புரளி. எங்க பிடியரிசி மாவுக்கடைக்குப் போகிறதாம். யாரோ வாங்கிக்கொண்டு போய், இட்லி அரிசியைத் தனியாகப் பிரித்துக் கடைக்காரனிடம் விற்கிறார்களாம். வாத்தியார் காலனியில் ரெண்டு வீட்டில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். "நாங்க சாமிக்கு எடுத்து வைக்கிற மாதிரி எடுத்து வைக்கிறோம், அங்க ஏவாரம் நடக்குது. இனிமே இந்தப் பக்கம் வராதே." என் முகத்தில் காறித் துப்பின மாதிரி இருந்தது. நானாக ஆரம்பித்த வேலை மாதிரி ஓடினவள் நான்தானே?

ருக்குமணியக்கா, "வாங்குற வீட்டையெல்லாம் ஒரு தடவை பார்த்துட்டு வந்துரு ரஞ்சனி" என்றது. புதிதாக ஒருத்தர் சேரும்போதே வீட்டுக்குப் போய் அடுப்படியைப் பார்த்து, டப்பாவைத் திறந்து, உண்மையிலேயே இல்லாதவர்கள்தானா என்று பார்ப்பது எங்க வழக்கம்தான். வசந்தாமணியக்கா வீட்டுக்கு மட்டும் அப்போது போகவில்லை. "அவரு இருக்கறப்ப வந்துராத சாமி" என்று கையைப் பிடித்துக் கேட்டதால் விட்டிருந்தேன். அது நான் செய்த சலுகை. அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். நாலு வீடு பார்த்துவிட்டு அந்தக்கா வீட்டுக்குப் போனேன். முன்கதவு ஒருக்களித்திருந்தது. நம்ம வீடு மாதிரித்தானே என்று தள்ளிக்கொண்டு அடுப்படி வரைக்கும் போனேன். அடுப்பில் கஞ்சி கொதிக்கிறது. தரையில் அந்தக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. மடியில் முறம். முறத்தில் எங்க அரிசி. எதிரே மூன்று குவியல். பொன்னி ஒன்று, ரேஷன் ஒன்று, இட்லி அரிசி ஒன்று. ஒவ்வொரு அரிசியாக விரலால் தள்ளித் தள்ளிப் பிரித்துக்கொண்டிருக்கிறது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கண்ணால் பார்த்த பிறகு என்ன விசாரணை வேண்டியிருக்கிறது?

"அட இதா சங்கதி. நாங்க வீடு வீடாப் பிச்சை எடுத்துக் கொண்டாந்து போடறோம், நீங்க பிரிச்சு மாவுக்கடைக்கு விக்கறீங்களா?"

அந்தக்கா எழுந்து வந்து என் வாயைப் பொத்தியது. "கத்தாதே அம்மிணி, கத்தாதே. கும்பிட்டுக் கேக்கறேன். அவரு பொடக்காளிலதான் இருக்காரு." பொடக்காளி என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்குமே, தண்ணித் தொட்டி, துவைக்கிற கல் எல்லாம், அதைத்தான் நாங்கள் சொல்வது.

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே. வாசலில் அதற்குள் நாலைந்து பேர். "வந்து பாருங்க. மேஸ்திரி வீட்டுல பிடியரிசி ஏவாரம் நடக்குது. ஆறு வாரமா வாங்கித் தின்னுட்டு, ஏவாரம் வேற."

பின்கதவில் சென்னியப்பன் நின்றார். ஈரத் துண்டோடு. கையில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்க்கவே இல்லை. குவியலைப் பார்த்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"உங்கண்ணன் எடப்பாடிலயிருந்து கொடுத்துவிட்டதுன்னியே புள்ள."

அந்தக்கா முறத்தை இழுத்துக் குவியலை மறைக்கப் பார்த்தது.

"எத்தனை வாரம்?"

"அந்தப் புள்ளதான் சொல்லுதுங்களே. ஆறு."

அந்த மனுஷன் திரும்பிப் பொடக்காளிக்குப் போனார். சாக்கடை ஓரம் குந்தினார். ரெண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டார். வாந்தி எடுக்கிறார், எடுக்கிறார், காலையில் தின்றது எல்லாம் வந்து, அப்புறம் மஞ்சள் தண்ணீர் வந்து, அதற்கப்புறமும் விரலை எடுக்கவில்லை. இருமி இருமி ரத்தக் கோடு வந்தது. ஆறு வாரத்துச் சோற்றையும் வெளியே எடுத்துவிடுகிற மாதிரி. அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தப்பாக நினைக்காதீங்க, பயத்திலும் சிரிப்பு வரும் எனக்கு.

எழுந்து வந்தபோது அது வேறே ஆள். இனிமேல் அவன் என்றுதான் சொல்வேன்.

தறிக்கு மாட்டுகிற இரும்புக் கம்பி ஒன்று பின்கதவோரம் சாத்தியிருந்தது. அதை எடுத்தான். முதல் அடி தாடையில். சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. காய்ந்த தேங்காயைக் கல்லில் அடிக்கிற சத்தம். அந்தக்கா கீழே விழவில்லை, சுவரில் சாய்ந்து நின்றது. வாய் ஒரு பக்கமாகப் போய்விட்டது. ரெண்டாவது அடி தோளில். அப்புறம் கம்பியைப் போட்டுவிட்டு, குவியலில் இருந்து வேகாத அரிசியை ஒரு கை அள்ளினான். அந்தக் கழன்ற வாய்க்குள் திணித்தான். "தின்னு. கேட்டு வாங்குனதுதானே, தின்னு. இன்னும் தின்னு." அரிசியும் ரத்தமும் பல்லுமாகக் கொட்டுகிறது. அவனே அழுகிறான். அழுதுகொண்டே திணிக்கிறான்.

வாசலில் நின்றவர்கள் ஒருத்தரும் உள்ளே வரவில்லை. ஆம்பளைகளும் இருந்தார்கள். "புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம்" என்று ஒரு குரல். நான் ஒருத்திதான் போனேன். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பிரம்பால் முதுகில் அடித்தேன், அவனுக்கு உறைக்கவே இல்லை. பிரம்பு ரெண்டாக உடைந்தது. அவன் போட்ட கம்பியை எடுத்தேன். பக்கவாட்டில் நின்று முழங்காலில் ஓங்கி விட்டேன். மடங்கி விழுந்தான். விழுந்தவனை இன்னொன்று. இன்னொன்று. எத்தனை என்று எண்ணவில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா பிறகு சொன்னது, அவன் கையைக் கூப்பி "போதும் அம்மிணி" என்றானாம். எனக்கு அது கேட்கவே இல்லை. எனக்கு அந்தக்காவைக் காப்பாற்ற வேண்டும், அது ஒன்றுதான்.

அப்போதுதான் பின்னாலிருந்து.

முதலில் சூடு என்றே தெரியவில்லை, ஜில்லென்று இருந்தது. அப்புறம்தான் தோல் கழன்றது. திரும்பிப் பார்த்தால் வசந்தாமணியக்கா. தாடை தொங்குகிறது, மாரெல்லாம் ரத்தம், கையில் கஞ்சிச் சட்டி. பிடிதுணிகூட இல்லை, வெறுங்கையில் தூக்கியிருக்கிறது. பாதி ஊற்றியிருந்தது. நான் பார்த்த பிறகு மீதியையும் ஊற்றியது.

இப்போ சொல்லுங்க அக்கா. அடித்தவன் அதோ கீழே கிடக்கிறான். அடி வாங்காமல் தடுத்தவள் இதோ நிற்கிறேன். ரெண்டு பேரும் கைக்கெட்டுகிற தூரம்தான். என் மேல் ஊற்றியது.

நான் போகாமல் இருந்திருந்தால் அவன் கொன்றே போட்டிருப்பான். இல்லையா? எல்லாரிடமும் இதைத்தான் கேட்கிறேன். ஒருத்தரும் வாய் திறந்து ஆமாம் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

பாப்பாத்தியக்கா ஒரு கதை சொல்கிறது. வசந்தாமணியக்கா விற்கவில்லையாம். சனிக்கிழமை சனிக்கிழமை உட்கார்ந்து பிரிக்குமாம். ஒரு நாள் பொன்னிச் சோறு, ஒரு நாள் ரேஷன் சோறு, ஒரு நாள் இட்லி அரிசியில் கஞ்சி. கலந்து வடித்தால் அவன் கண்டுபிடித்துவிடுவான், ஊர்ச்சோறு என்று தெரிந்துவிடும், அதற்காகவாம். பிறந்த வீட்டிலிருந்து வந்தால் அது சீர், அதைத் தின்னலாம். ஊரில் வாங்கினால் தின்ன மாட்டான். சரி, இருக்கட்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? வாயைத் திறந்து, இன்ன விஷயம் அம்மிணி என்று ஒரு வார்த்தை? சொன்னால்தானே தெரியும்.

மாவுக்கடைக்கு விற்றது யார் என்று கேட்கறீங்களா? அது ருக்குமணியக்காவின் கொழுந்தனார் பொண்டாட்டி. மண்டபத்துச் சாவி அவளிடம்தான் இருந்தது. அதை யாரும் பெரிதாக்கவில்லை. குழுவில் இருக்கிறவள், நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டும்.

போலீசுக்காரம்மா வந்து எழுதிக்கொண்டு போனார். அந்தக்காவால் பேச முடியாது, வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். தாளில் எழுதிக் கொடுத்ததாம். தாடை எப்படி உடைந்தது என்றதற்கு, வழுக்கி விழுந்தேன். அவருக்குக் கால் எப்படி உடைந்தது என்றதற்கு, அவரும் விழுந்தார். என் கையைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் வேறே மாதிரி. நான்தான் ஊற்றினேன், தெரிந்துதான் ஊற்றினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. போலீசுக்காரம்மா என்னிடம் அந்தத் தாளைக் காட்டி, "கேஸ் கொடுக்கறியாம்மா" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். நான் போய் அந்தக்கா மேலே கேஸ் கொடுப்பேனா?

பூபதிதான் பத்து நாளாக வண்டி எடுக்கவில்லை. என்னைக் குளிப்பாட்ட வேண்டும், பெண்ணுக்குத் தலை சீவ வேண்டும். போன வெள்ளிக்கிழமை ருக்குமணியக்கா ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. கூடையில் ரெண்டு படி அரிசி. "வச்சுக்க ரஞ்சனி, நம்மகிட்ட என்ன வெக்கம்" என்றது. கூட வந்தவள் ஒருத்தி அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. ஒத்தைக் கையால் அந்தக் கூடையைத் தூக்கி வாசலில் வீசினேன். தெருவெல்லாம் அரிசி. கதவைச் சாத்திவிட்டேன். பூபதி, "ஏண்டி, அவங்க நல்லதுக்குத்தானே வந்தாங்க" என்கிறார். அது வேறே, அக்கா. நாங்கள் என்ன இல்லாதவர்களா? அதையும் இதையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

அதை விடுங்க. உங்களிடம் இவ்வளவு நேரம் பேசினதே ஒரு காரியத்துக்காகத்தான்.

அந்தக்கா இங்கேதான் இருக்கிறது. ரெண்டாவது மாடி, பெண்கள் வார்டு, ஜன்னல் ஓரத்துக் கட்டில். ஆறு நாளாக ஒன்றும் குடிக்கவில்லை. அவன் கால் கட்டோடு கிடக்கிறான், சொந்தம் என்று வேறே யாரும் வரவில்லை. அண்ணன்காரனுக்குத் தகவல் போயிருக்கிறது, எட்டிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற பாலை அப்படியே வைத்துவிடுகிறதாம். பக்கத்துக் கட்டில்காரர்கள் ரொட்டி நனைத்துக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்கிறதாம். கையில் ஏறுகிற குளுக்கோஸ் மட்டும்தான். இனிமேலும் குடிக்கவில்லை என்றால் தாங்காது என்று நர்சம்மாவே என்னிடம் சொன்னார்.

நான் மூன்று தடவை மேலே போனேன். போன கையோடு முதல் தடவை சொன்னேன், "பாருங்க்கா, நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலை, உங்களுக்காக ஒத்தைக் கையால காய்ச்சிக் கொண்டாந்திருக்கறேன்." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. ரெண்டாவது தடவை கட்டிலோரம் வைத்துவிட்டு வந்தேன். சாயந்திரம் போய்ப் பார்த்தால் ஆடை கட்டி அப்படியே இருக்கிறது. மூன்றாவது தடவை ஸ்பூனில் எடுத்து உதட்டில் வைத்தேன். கம்பி போட்ட வாயைத் திறக்க முடியாதே, மூக்கால் மூச்சைப் பிடித்துக்கொண்டு முறைத்தது பாருங்க. அடித்தபோதுகூட அவனை அப்படிப் பார்க்கவில்லை.

இதோ, பைக்குள் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் காய்ச்சினது. குழாயில் உறிஞ்சுகிற பதத்துக்குத் தண்ணியாக வடிகட்டியிருக்கிறேன், உப்பு மட்டும்தான்.

நீங்க கொண்டுபோய்க் கொடுக்கணும். நீங்க வெளியூர், உங்களை அதற்குத் தெரியாது. மாமியாரை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் கொடுத்தேன் என்று சொல்லிவிடாதீங்க. என் பேரே எடுக்க வேண்டாம். குட்டைமேடு என்றும் சொல்ல வேண்டாம். உங்க மாமியாருக்குக் கொண்டுவந்தது, மிஞ்சிவிட்டது என்று சொல்லுங்க. இல்லை, மிஞ்சினது என்று சொன்னால் குடிக்காது. வேண்டுதல் என்று சொல்லலாமா? வேண்டுதல் என்றால் எல்லாருக்கும் கொடுக்கிறது, அதுவும் கொடுக்கிறதுதானே, கண்டுபிடித்துவிடும். விலைக்கு என்று சொல்லுங்களேன். காசு அப்புறமாக வாங்கிக்கொள்கிறேன் என்று. ஆனால் அதற்கு அந்தக்காவிடம் காசு கிடையாது என்று அந்தக்காவுக்கே தெரியுமே.

எனக்கு எப்பவும் வார்த்தைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. இதற்கு மட்டும் மூன்று நாளாக யோசிக்கிறேன், வரவில்லை. உங்களுக்குத் தெரியுமாக்கா? உங்களிடம் ஒருத்தர் எப்படிச் சொல்லிக் கொடுத்தால் நீங்க வாங்கிக் குடிப்பீங்க?

என் பேரைத்தான் கூப்பிடுகிறார்கள். போகட்டும், அடுத்தவர் போகட்டும். நீங்க சொல்லுங்க.